பூஜையில் வைத்த குரல்

போன வருஷம் ஆயுத பூஜை அன்று, மாமல்லபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது இது. ஒரு கம்ப்யூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை, அவ்வளவுதான் விஷயம். கேட்கிறவர்களுக்கு இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று தோன்றும். வேறு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

முதலில் எங்கள் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் இங்கே டூரிஸ்ட் கைடாக இருந்தவர். கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், அந்த உருண்டைப் பாறை என்று நாள் முழுக்க வெயிலில் நின்று பேசிப் பேசியே குடும்பத்தை நடத்தியவர். தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ், கூடவே கொஞ்சம் பிரெஞ்சு. வீட்டுக்கு வந்தாலும் வாய் நிற்காது. "கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன்" என்று நான் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட மனுஷனுக்கு நரம்பில் ஒரு நோய் வந்தது. முதலில் கை, பிறகு கால், அப்புறம் நாக்கு. அறிவுக்கு எந்தக் குறையும் வராது, உடம்புதான் ஒவ்வொன்றாக நின்றுகொண்டே வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பேச்சு லேசாகக் குழற ஆரம்பித்தபோது, பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மா ஒரு யோசனை சொன்னார். குரல் நன்றாக இருக்கும்போதே அன்றாடம் வேண்டிய வாக்கியங்களை அவர் குரலிலேயே பதிந்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கம்ப்யூட்டர் அதை எடுத்துப் பேசும் என்றார். இவர் சும்மா பதிவாரா? "ஃபேனக் கொறை", "தலகாணிய ஒசத்து" என்று ஒழுங்காகத்தான் தொடங்கினார். இரண்டாவது வாரமே "இன்னா இது, சாம்பாரா வெந்நீரா?", "சீரியல நிறுத்து, பேஜாரா கீது" என்று என்னை வம்பிழுக்க இறங்கிவிட்டார். நான் கோபித்துக்கொண்டால் அதற்கும் சேர்த்து ஒன்று பதிந்துவைப்பார்.

பேச்சு சுத்தமாக நின்ற பிறகு அந்தப் பதிவுகள்தான் அவருக்கு வாய். அசைகிற ஒரே ஒரு விரலுக்கு அடியில் ஒரு பட்டன். திரையில் வாக்கியங்கள் ஒவ்வொன்றாக மின்னி வரும், வேண்டியது வந்ததும் அழுத்துவார். பதிவில் இல்லாததை எழுத்து எழுத்தாகத் தேர்ந்தெடுத்தால் அதை ஒரு மெஷின் குரல் படிக்கும். அது அவர் குரல் இல்லை, அவருக்கும் அது பிடிக்காது.

வீட்டில் லேப்டாப் ஒன்றுதான். பேசுகிற மென்பொருள் லினக்ஸில் ஓடுகிறது. நானோ வீட்டிலிருந்தே இங்குள்ள லாட்ஜுகளுக்கும் சிப்பிக் கடைகளுக்கும் ஜிஎஸ்டி கணக்குப் போட்டுக் கொடுக்கிறவள், எனக்கு விண்டோஸ் வேண்டும். அதனால் தெரிந்தவர் ஒருவர் ஒரே லேப்டாப்பில் இரண்டையும் போட்டுக் கொடுத்தார். அவர் விளக்கிச் சொன்னதையெல்லாம் என் கணவர்தான் கவனமாகக் கேட்டுக்கொண்டார். ஒரு வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டு குடித்தனமாக்கின மாதிரி. ஸ்விட்சைப் போட்டதும் எந்தப் பக்கம் என்று மெனு கேட்கும். ஒன்றும் அழுத்தாவிட்டால் தானாக அவர் பக்கம் திறக்கும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு பகுதி உண்டு. என் கணக்கும் அதில்தான், அவருடைய குரலும் அதில்தான். நகல் எடுத்து வேறெங்காவது வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். நினைத்ததோடு சரி.

நான் என் பக்கத்தைத் திறந்துவிட்டால் அவரால் பேச முடியாது. ஆகவே அவர் தூங்கும் நேரம்தான் எனக்கு ஆபீஸ் நேரம். மழை ஆரம்பித்துக் கரண்ட் அடிக்கடி போக ஆரம்பித்ததால், பேட்டரியை மிச்சம் பிடிக்கிற ஒரு மென்பொருளை அதற்கு முந்தைய வாரம்தான் என் பக்கத்தில் போட்டிருந்தேன். நல்ல காரியம் செய்ததாக எனக்குள் ஒரு பெருமை வேறு.

பூஜைக்குப் படாளத்திலிருந்து அவருடைய அண்ணன் வந்திருந்தார். வயலில் விளைந்த பூசணிக்காய், வாழைக்கன்று, ஒரு மூட்டைப் பொரி என்று பைக்கில் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். நான் மாமா என்று கூப்பிடுவேன். சாமி விஷயத்தில் கறாரானவர். அரிவாள்மணை, என் கால்குலேட்டர், மாமாவின் பைக் சாவி எல்லாவற்றையும் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக வைத்தோம். அப்போது என் கணவர் எழுத்து எழுத்தாகத் தேர்ந்தெடுத்து ஒன்று சொன்னார். "லேப்டாப்பையும் வை. என் ஆயுதம் அதான். ஒரு நாள் நான் வாய மூடிக்கினு இருக்கேன், உனுக்கும் லீவு."

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பூஜையில் வைத்த பொருளை மறுநாள் காலையில் பூஜை செய்துதான் எடுக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். சரி, அதற்குள் ஒரு லாட்ஜ் கணக்கை முடித்துவிடுகிறேன் என்று என் பக்கத்தைத் திறந்து உட்கார்ந்தேன். பாதிக் கணக்கில் மாமா கூடத்திலிருந்து சத்தம் போட்டார். "இன்னாமா பண்ணிக்கினு கீற? நல்ல நேரம் முடியப் போவுது!"

அவசரத்தில், என் கணவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, லேப்டாப்பை அப்படியே மூடினேன். விளக்குக்குக் குறுக்கே ஒயர் போகக் கூடாது என்று சார்ஜரையும் பிடுங்கினேன். மேலே சந்தனம், குங்குமம், ஒரு சாமந்திப்பூ. கற்பூரம் காட்டி முடித்துச் சாப்பாடும் ஆயிற்று.

மத்தியானம் மூணு மணி வாக்கில் மாமா சாம்பிராணி போட்டார். புகை கொஞ்சம் அதிகம். என் கணவருக்கு இருமல் வந்துவிட்டது. அவருக்கு இருமல் என்றாலே எனக்குக் கை கால் ஓடாது. ஜன்னலைத் திறந்தேன், முதுகை நீவினேன், "மூச்சு முட்டுதா? நெஞ்சு வலிக்குதா?" என்று மாற்றி மாற்றிக் கேட்டேன். இருமல் நடுவில் அவரால் கண்ணால்கூட பதில் சொல்ல முடியவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. ஓடிப் போய்ப் பூஜையிலிருந்து லேப்டாப்பை எடுத்தேன்.

"எட்க்காதமா! நாளிக்கி காலைலதான் எட்க்கணும்!"

காதில் வாங்காமல் ஸ்விட்சை அழுத்தினேன். சுத்தமாக அணைந்திருந்தது. சார்ஜரைச் செருகி மறுபடி அழுத்தினேன். மெனு வந்தது, தானாக அவர் பக்கம் திறக்கப் போனது. வழக்கமாக வரும் படம் வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் இங்கிலீஷ் வரிகள் ஓடி, எமர்ஜென்சி மோட் என்று ஒரு வரியில் வந்து நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிக்கு அலைந்த வீட்டில் எமர்ஜென்சி என்ற வார்த்தையைப் பார்த்தால் எப்படி இருக்கும் சொல்லுங்கள்.

இருமல் அதற்குள் தானாக அடங்கிவிட்டது. ஆனால் லேப்டாப் அடங்கவில்லை. அணைத்து அணைத்துப் போட்டேன், ஒவ்வொரு தடவையும் அதே கறுப்புத் திரை. போனில் தேடிப் பார்த்தால் யாரோ ஒருவர் இதே மாதிரி வந்து தன் ஃபைல் எல்லாம் போய்விட்டதாக எழுதியிருந்தார். ஐயோ, அந்தக் குரல் போனால் திரும்ப எங்கே போய் வாங்குவேன்? பதிந்த மனுஷன் எதிரில்தான் இருக்கிறார், ஆனால் இன்னொரு முறை அவரால் பதிய முடியாதே!

"பாத்தியா? பூஜைல வெச்சத எட்த்த இல்ல, அதான்," என்றார் மாமா.

"மாமா, நீங்க கொஞ்சம் சும்மா இருக்கீங்களா!" என்று கத்திவிட்டேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரிடம் நான் குரல் உயர்த்தியதில்லை. அவர் முகம் சுருங்கிவிட்டது. என் கணவர் கண்ணைக் கொட்டிக் கொட்டி விழித்துக்கொண்டிருந்தார். புகை எரிகிறது போல என்று ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி லேப்டாப்பிடம் ஓடினேன்.

லேப்டாப்பை அமைத்துக் கொடுத்தவர் இப்போது வெளிநாட்டில். போன் எடுக்கவில்லை. தெரிந்த ரிப்பேர் கடைகளுக்கெல்லாம் அடித்தேன். ஆயுத பூஜை அன்று எவர் கடையைத் திறந்து வைத்திருப்பார்? செங்கல்பட்டில் ஒருவர் மட்டும் போனை எடுத்தார்.

"அக்கா, கடைய சாத்திட்டேன். சாமான்லாம் பூஜைல கீது. நாளிக்கி எட்த்தாங்க, பாக்கலாம்."

"தம்பி, அது சாதாரண கம்ப்யூட்டர் இல்லப்பா. அதுலதான் எங்க வீட்டுக்காரர் பேசுறாரு. அவரு குரலே அதுலதான் இருக்கு," என்று ஆரம்பித்தவள் அதற்கு மேல் முடியாமல் அழுதுவிட்டேன்.

"வூடு எங்கக்கா? மாமல்லபுரமா? பீச்சுக்கு இட்டுகினு போன்னு வூட்ல காலைலேர்ந்து ஒரே ரோதன. கெளம்பிக்கினுதான் கீறோம். அப்டியே வந்து பாக்குறேன்."

சொன்னபடி பைக்கில் வந்து இறங்கினார். வேட்டி, நெற்றி நிறைய விபூதி, பின்னால் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு அவர் மனைவி. கடற்கரைக்கு என்று கிளம்பி வந்த பெண்ணைக் கூடத்தில் உட்கார வைத்துக் கையில் ஒரு கிண்ணம் பொரி கடலையைக் கொடுத்தேன். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

மாமா விடுவாரா? லேப்டாப்பை நான் திரும்பக் கொண்டுபோய்ப் பூஜையில் வைத்தே ஆக வேண்டும் என்று அவர் அடம் பிடித்து, அது பூவோடு அங்கேதான் இருந்தது. "தம்பி, நீயும் சாமி கும்புடறவன். பூஜைல வெச்ச ஆயுதத்த எட்க்கலாமா? நீயே சொல்லு," என்றார்.

கடைக்காரர் லேப்டாப்பைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார். "அண்ணாத்த, ஆயுதம்னா நீங்க சொல்றது கரெக்ட்டு. இது அவரு தொண்டை. தொண்டைய எங்கனா பூஜைல வெப்பாங்களா?"

மாமாவே போய்ப் பூவை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, லேப்டாப்பை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார்.

கடைக்காரர் அந்தக் கறுப்புத் திரையைப் படித்துப் படித்துப் பார்த்தார். "அந்தப் பொதுப் பகுதிய இந்த லினக்ஸ் தொறக்க மாட்றான்க்கா. அது தொறக்காததால மேல ஏறாம நின்னுகினு கீறான். டிஸ்க்கு பூட்ச்சோ இன்னாவோ." காப்பி எடுத்துப் பார்க்கிற சாமானெல்லாம் அவர் கடையில் பூஜையில் இருந்தது, கையில் ஒன்றுமில்லை. "ஒரு கமாண்டு கீது. பூட்ட ஒடச்சி தொறக்கற மாரி. தொறந்தாலும் தொறக்கும், உள்ள கீறது அழிஞ்சாலும் அழிஞ்சிடும். இல்லன்னா நாளிக்கி கடைக்கி எட்த்தாங்க, ஃபார்மேட் பண்ணி புதுசா போட்லாம். டேட்டாவுக்கு நான் பொறுப்பு சொல்ல மாட்டேன்க்கா."

இரண்டும் எனக்குத் தூக்குக் கயிறு மாதிரிதான் தெரிந்தது. நாளைவரை காத்திருக்க என்னால் முடியாது. இந்த ராத்திரியை எப்படித் தள்ளுவேன்? என்ன ஆனாலும் ஆகட்டும், இப்போதே தெரிந்துவிட வேண்டும் என்று ஒரு வெறி. "உடைங்க தம்பி," என்றேன்.

அவர் டைப் அடிக்க ஆரம்பித்தார். நானும் மாமாவும் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றோம். பொரி தின்றுகொண்டிருந்த அந்தப் பெண் திடீரென்று, "ஏங்க, அவரு இன்னாவோ சொல்றாரு போல கீதே. கண்ண மூடி மூடித் தொறக்கறாரு," என்றாள்.

"சாம்பிராணிப் புகைம்மா, மத்தியானத்துலேர்ந்து எரியுது," என்று சொல்லிக்கொண்டே ஈரத்துணியை எடுத்தேன்.

"புகைலாம் எப்பவோ பூட்ச்சேக்கா."

துணியோடு நின்றுவிட்டேன். ஒரு தடவை கண் மூடினால் ஆமாம், இரண்டு தடவை மூடினால் வேண்டாம். குரல் நின்ற புதிதில் நாங்கள் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டது. இப்போது பார்த்தேன். இரண்டு தடவை, கொஞ்சம் நிறுத்தி, இரண்டு தடவை. மறுபடி இரண்டு தடவை. வேண்டாம், வேண்டாம், வேண்டாம்.

"தம்பி, கைய எடுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். என்டர் தட்ட வேண்டியதுதான் பாக்கி.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால், நான் எழுத்துக்களை வரிசையாகச் சொல்ல, வேண்டிய எழுத்து வந்ததும் அவர் கண் மூடுவார். ரொம்ப மெதுவாக நடக்கும், இரண்டு பேருக்கும் எரிச்சல் வரும். அதைத் திரும்ப ஆரம்பித்தேன். அ, ஆ, இ... "உ"வில் மூடினார். அடுத்தது "ன்". அடுத்தது "ப".

"உன் பக்கமா? என் பக்கத்தைத் திறக்கணுமா?"

ஒரு தடவை மூடினார். நன்றாக, அழுத்தி மூடினார்.

"அக்கா, கடைசியா நீங்கதான் வேல பாத்தீங்களா? ஷட் டவுன் பண்ணீங்களா?" என்றார் கடைக்காரர்.

"இல்ல, அப்படியே மூடி வச்சேன்."

"பேட்டரிக்கு எதுனா சாஃப்ட்வேர் போட்டீங்களா?"

போட்டதைச் சொன்னேன். மனுஷன் தலையில் அடித்துக்கொண்டார். நான் மூடி வைத்த பிறகு சார்ஜும் இறங்கவே, அந்த மென்பொருள் என் பக்கத்தைப் பாதி வேலையோடு அப்படியே எழுதி வைத்துவிட்டுத் தூங்கப் போயிருக்கிறது. அணைந்த மாதிரி தெரியும், ஆனால் அணையவில்லை. பொதுப் பகுதியின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தூங்கியிருக்கிறது. அவர் பக்கம் அதைத் திறக்க முடியாமல் வாசலில் நின்றுவிட்டது. பூட்டை உடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். "கேக்காதீங்கக்கா," என்றார்.

மறுபடி அணைத்துப் போட்டு, மெனுவில் என் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தோம். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. மாமா சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு அந்த வட்டத்தோடு சேர்ந்து தலையும் சுற்றியது. கடைசியில் திரை திறந்தது. நான் விட்ட இடத்தில், விட்ட வரியில், லாட்ஜ் கணக்கு அப்படியே நின்றது. பொதுப் பகுதியைத் திறந்து பார்த்தேன். "சாம்பாரா வெந்நீரா" உட்பட எல்லாம் இருந்தது.

"சும்மா ஷட் டவுன் குடுத்தா அரத் தூக்கம்தான் தூங்கும். ஷிஃப்ட்ட அழுத்திப் புடிச்சிக்கினு ஷட் டவுன் குடுங்க," என்றார் கடைக்காரர். அதற்கு முன்னால் அந்த மென்பொருளையும் நீக்கி, சீக்கிரம் திறப்பதற்காக விண்டோஸே பாதித் தூக்கத்தில் இருக்கிற வசதியையும் நிறுத்தினார். லேப்டாப் முழுசாக அணைந்தது. திரும்பப் போட்டோம், அவர் பக்கம். வழக்கமான படம் வந்தது. வாக்கியங்கள் மின்ன ஆரம்பித்தன.

அவர் விரலுக்கு அடியில் பட்டனை வைத்தேன். ரொம்ப நேரம் ஒன்றையும் தேர்ந்தெடுக்கவில்லை. பட்டியலில் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தார். பிறகு அந்தக் கடைக்காரரின் மனைவியைப் பார்த்தபடியே அழுத்தினார். "வாங்கம்மா, தூரத்துலேர்ந்து வந்துகீறீங்க. நெழல்ல குந்துங்க, கதைய மெதுவா சொல்றேன்."

கைடு வேலையில் அவர் தினமும் சொன்ன வார்த்தை. வீட்டில் எதற்கும் உதவாதென்று நான் பதிய வேண்டாம் என்றேன், கேட்காமல் பதிந்திருக்கிறார். கணீரென்று கூடம் நிறைந்தது குரல். அந்தப் பெண் பொரிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கும்பிட்டாள். மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினார். நானும்தான். வெட்கமென்ன இருக்கிறது?

இருட்டுவதற்குள் கடற்கரையையாவது காட்டுங்கள் என்று அந்தப் பெண் அவசரப்படுத்த, இருவரும் கிளம்பினார்கள். மாமா பொரியை ஒரு பை நிறையக் கட்டி அவர்கள் பைக்கில் மாட்டிவிட்டார். வாசலிலிருந்து திரும்பி வந்து என் கணவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"உங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்கே, முதல்லயே சொல்லக் கூடாதா?" என்று ஒரு ஆற்றாமையில் கேட்டேன்.

அவர் எழுத்து எழுத்தாகத் தேர்ந்தெடுத்தார். அந்த மெஷின் குரல் எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் படித்தது. "நீ மூடி வெச்சதுலேர்ந்து சொல்லிக்கினேதான் கீறேன். நீ லேப்டாப்பயே பாத்துக்கினு இருந்த."

அவர் குரல் போய்விடுமே என்று ஊரையே கூப்பிட்டு அழுதேன். அவரிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாரென்றே தெரியாத ஒரு பெண், பொழுது போகாமல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் தப்பித்தோம்.

இப்போது அந்தப் பதிவுகளின் நகல் என் போனில் இருக்கிறது, மாமா போனில் இருக்கிறது, பீரோவில் ஒரு பென்டிரைவிலும் இருக்கிறது. ஆனாலும் "டீ எங்க, கடலூர்லேர்ந்து வருதா?" என்று கூடத்திலிருந்து அவர் குரல் அதட்டும்போதெல்லாம், அவரைக் கேட்காமலே "உடைங்க" என்று நான் சொன்னது நினைவுக்கு வந்துவிடுகிறது. நேராகப் போய் ஒரு தடவை அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போகிறேன்.